பின்கதவால் வாங்கி முன்கதவைச் சாத்தும் கடை



கொஞ்சம் நீண்ட பதிவு. கோட்டைக்குள் இருக்கும் ஒரு பழம்பொருள் கடையைப் பற்றியது. கடையின் பெயரை எழுதமாட்டோம். கமெண்டில் நீங்களும் எழுதவேண்டாம், எழுதினால் அழிப்போம். யாருடைய வயிற்றிலும் அடிப்பது எங்கள் நோக்கம் இல்லை. நேரில் போய் மூன்று தடவை கதைத்தாயிற்று. பள்ளிவாசலில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவர் மூலமும் சொல்லிப் பார்த்தாயிற்று. சிரித்துக்கொண்டே "பாப்போம்" என்றார்கள். அது நடந்தும் ஒரு வருடம் ஆகப் போகிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறோம்.

"நாங்கள்" என்று எழுதுவது ஒரு ஆள் தன்னைப் பெருக்கிச் சொல்வது அல்ல. பாடசாலையில் படிப்பிக்கிற சில பேர், சில பெற்றோர், அந்த வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்த சில தாய்மார் எல்லோரும் சேர்ந்த "நாங்கள்".

விஷயம் இதுதான். அந்தக் கடைக்குள் ஊர் ஆக்களுக்கு இடம் இல்லை. பலகை மாட்டித் தடுக்கவில்லை, அந்த அளவுக்கு நேர்மை இருந்தால் கூட நல்லது. வெள்ளைக்காரர் வந்தால் கதவு முழுதாகத் திறக்கும், பேன் போடுவார்கள், இஞ்சித் தேநீர் வரும். நாங்கள் போனால் கடைப் பொடியன் வாசல்படியில் வந்து நின்றுகொள்வான். "என்ன வேணும்?" என்பான். பார்க்கவேண்டும் என்றால், "சும்மா பாக்கவா?" என்பான். அந்தச் "சும்மா"வை அவன் சொல்கிற விதத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

அபாயா போட்ட இரண்டு ராத்தாமார் உள்ளே போனபோது கைப்பையை வாசலில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார்கள். அதே நேரத்தில் முதுகில் பெரிய பை போட்ட ஒரு வெளிநாட்டுச் சோடி சீனப் பீங்கான் அடுக்கியிருந்த மேசைக்கு நடுவே திரும்பித் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் பையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ராத்தாமாருக்குப் பின்னால் மட்டும் ஒரு ஆள் நடந்துகொண்டே இருந்தான். பீங்கான் உடையும் என்ற பயம் என்றால், உடைக்கக்கூடியது முதுகுப் பையா, வாசலில் வைத்த கைப்பையா?

விலையும் அப்படித்தான். எந்தச் சாமானிலும் விலை ஒட்டியிருக்காது. ஆளின் முகத்தைப் பார்த்து விலை சொல்வார்கள். எங்கள் முகத்துக்கு விலையே சொல்வதில்லை. "அது உங்களுக்கு ஏலா" என்பதுதான் பதில். பழைய கதவு ஒன்றுக்குப் பித்தளைக் கீல் தேடிப்போன ஒரு தச்சருக்கும் இதே பதில்தான். அவர் இந்தக் கோட்டையில் இருக்கிற பாதி வீட்டுக் கதவுகளைப் பழுது பார்த்தவர். அந்தக் கடையின் கதவையும் அவர்தான் பார்த்திருப்பார், கேட்டுச் சொல்கிறோம்.

இனி எங்களுக்கு வரக்கூடிய பதிலையும் நாங்களே எழுதிவிடுகிறோம். "அது தனியார் கடை. அவர் விருப்பம். பிடிக்காவிட்டால் போகாதீங்க."

சரி. சாரம் விற்கிற கடையாக இருந்தால் நாங்களும் அப்படித்தான் சொல்லியிருப்போம். பக்கத்துக் கடைக்குப் போயிருப்போம். ஆனால் இந்தக் கடைக்குச் சாமான் எங்கிருந்து வருகிறது? கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வட்டாவும் படிக்கமும் பன்னீர்ச் செம்பும் கொழும்பில் மொத்தமாக எடுத்த சரக்கா? எங்கள் உம்மும்மாமாரின் சமையலறைப் பரணில் இருந்து வந்தவை அவை. காலி, கிந்தோட்டை, வெலிகம என்று ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு றங்குப்பெட்டியாக இறங்கி வந்தவை.

எப்படி இறங்குகிறது என்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். முதலில் முதலாளி வரமாட்டார். த்ரீவீலரில் ஒரு ஆள் வருவார். "பழைய பித்தளை, செம்பு இருக்கா உம்மா?" என்பார். வீட்டில் ஆண்கள் இல்லாத பகல் நேரமாக இருக்கும். தராசு கொண்டுவருவார். நிறுப்பார். கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார். சில நேரம் காசுக்குப் பதிலாகப் புது அலுமினியப் பானை. ரசீது கிடையாது. மூன்று மாதம் கழித்து அதே சாமான் துடைக்கப்பட்டு, வெல்வெட் துணி மேல், மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கும். வாங்கும்போது அதற்கு எடை மட்டும்தான். விற்கும்போது வயதும் வரும், வரலாறும் வரும், பரம்பரையும் வரும்.

2022 ஞாபகம் இருக்கிறதா? டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் போன வருடம். கேஸ் சிலிண்டர் ஒன்று 5,000 ரூபாவை நெருங்கியது. பால்மா வரிசை, பெற்றோல் வரிசை. அந்த மாதங்களில்தான் எங்கள் வீடுகளில் இருந்து அதிகம் வெளியே போனது. எங்களுக்குத் தெரிந்த ஒரு ராத்தா, கணவர் மௌத்தானவர், தன் உம்மாவின் கல்யாண வட்டாவை 4,200 ரூபாவுக்குக் கொடுத்தார். ஒரு சிலிண்டருக்குக் கூடக் காணாத காசு. நிலைமை கொஞ்சம் சீரான பிறகு, மகள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அதைத் திருப்பி வாங்க ஆசைப்பட்டு அந்தக் கடைக்குப் போனார். ஓரத்தில் ஒரு நசுங்கல் இருக்கும், சின்ன வயதில் தானே கீழே போட்டது, அதை வைத்து அடையாளம் கண்டார். விலை கேட்டார். "இது டொலர் விலை ராத்தா, 180" என்றார்கள். தூக்கிப் பார்க்கவும் விடவில்லை. கை ரேகை படியுமாம்!

அந்த வட்டாவில் அவருடைய உம்மாவின் கை ரேகை இல்லாத இடம் ஒன்று இருக்கிறதா?

வியாபாரத்தில் இலாபம் ஹராம் என்று நாங்கள் சொல்லவில்லை. 4,200க்கு வாங்கி 180 டொலருக்கு விற்கட்டும், துடைக்கிற செலவு இருக்கிறது, கோட்டைக்குள் கடை வாடகை இருக்கிறது, சுற்றுலாப் பயணி வராத மாதங்கள் இருக்கின்றன. 2019 ஏப்ரலுக்குப் பிறகும், கொரோனாவிலும், 2022இலும் கடைக்காரர்கள் பட்ட பாடு எங்களுக்கும் தெரியும், அவர்களில் பலர் எங்கள் பிள்ளைகளின் வாப்பாமார். ஆனால் விற்கிற ஆளுக்குச் சந்தை விலை தெரியாது என்பதையே மூலதனமாக வைத்து வாங்குவதைப் பற்றி மார்க்கம் மௌனமாக இல்லை. வெளியில் இருந்து சரக்குக் கொண்டுவருகிறவர்களைச் சந்தைக்கு வந்து சேரும் முன்பே வழியில் போய்ச் சந்தித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை விலையைக் கண்டால், விற்பனையை முறிக்க அவருக்கு உரிமை உண்டு என்றும் ஹதீஸில் இருக்கிறது. இதைக் கடைக்கார ஹாஜியாருக்கு நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை, அவர் எங்களை விடப் பயான் கேட்டவர். த்ரீவீலர் ஆளை வீட்டுக்கு அனுப்புவது வழியில் போய் மறிப்பதா இல்லையா என்று ஒரு மௌலவியிடம் அவரே கேட்டுக்கொள்ளட்டும். இது ஃபத்வா இல்லை. கேள்வி.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். இதற்காகத்தான் உண்மையில் இந்தப் பதிவே.

சில மாதங்களுக்கு முன் அந்தக் கடைக் கண்ணாடியில் ஒரு சட்டம் போட்ட தாள் தொங்கியது. பழுப்பு நிறத் தாள், கறுப்பு மை, இடைக்கிடை சிவப்பு. கீழே ஆங்கிலத்தில், பழைய குர்ஆன் பக்கம் என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே போக விடமாட்டார்கள் என்பதால் வெளியில் நின்றே பார்த்தோம். எங்களில் ஒருவருக்கு அவருடைய உம்மும்மா சிறு வயதில் அரபுத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர்தான் முதலில் கவனித்தார். குர்ஆனில் எங்கும் இல்லாத எழுத்துகள் அந்தத் தாளில் இருந்தன. அரபு மொழியில் 'ட' இல்லை, 'ப' இல்லை, 'ள' இல்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதுவதற்காக எங்கள் முன்னோர் அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அந்த ஓசைகளுக்கு எழுத்து உண்டாக்கினார்கள். அந்தப் புள்ளிகள் கண்ணில் பட்டவுடன் அவர் மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்தார். சுக்கு. மிளகு. தேன்.

குர்ஆன் பக்கம் இல்லை. கை மருந்துக் குறிப்பு! யாரோ ஒரு வாப்பும்மா பிள்ளையின் இருமலுக்கு எழுதி வைத்ததாக இருக்கலாம். ஒரு கிதாபில் இருந்து ஒரு பக்கத்தைக் கத்தியால் வெட்டிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். விளிம்பில் வெட்டு தெரிந்தது. மீதிப் பக்கங்கள் எங்கே போயின?

நாலாவது சொல்லை வாசிக்கும்போது பொடியன் வெளியே வந்தான். கண்ணாடியில் மூச்சுப் படுகிறது, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். அடுத்த கிழமை தாள் அங்கே இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதை வாங்கிப் போன வெளிநாட்டுக்காரர் குர்ஆன் பக்கம் என்று நம்பி ஏதோ ஒரு நாட்டில் சுவரில் மாட்டியிருக்கிறார். அவரும் ஏமாந்தார். சுக்கையும் மிளகையும் அல்லாஹ்வின் வசனம் என்று சொல்லி விற்றவர் எதை விற்றார் என்று அவருக்கே தெரியாது. வாசிக்கத் தெரிந்த ஒரே கூட்டம் கண்ணாடிக்கு வெளியில் நின்றது. உண்மையிலேயே குர்ஆன் பக்கமாக இருந்திருந்தால் விஷயம் இன்னும் மோசம், அதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இந்த ஊரில்தான் 1911இல் ஒரு மதகை மூடியிருந்த கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி எழுத்து. சீனக் கடற்தளபதி செங் ஹோவின் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்டது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரம் 8 பிள்ளைகளுக்கு அதன் படத்தைக் காட்டும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை, "அதுக்கு மேலால ஆக்கள் நடந்தாங்களா டீச்சர்?" என்று கேட்கும். நடந்திருப்பார்கள். எழுத்தை வாசிக்கத் தெரிந்த கண் படும் வரைக்கும் அது மதகு மூடிதான். எங்கள் கிதாபுகளுக்கும் அந்தக் கண் கிடைக்கவேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

பிள்ளைகள் என்றதும் இதையும் சொல்லவேண்டும். வரலாற்றுச் செயற்றிட்டம் ஒன்றுக்காக அரை மணி நேரம், பத்துப் பத்துப் பிள்ளைகளாக, கை கட்டிக்கொண்டு, வியாபாரம் குறைந்த காலை நேரத்தில் பார்த்துவிட்டு வருகிறோம் என்று எழுத்தில் கேட்டோம். "இது மியூசியம் இல்ல" என்று பதில் வந்தது. உண்மை, மியூசியம் இல்லை. மியூசியத்துக்கும் கூட்டிப் போகிறோம். ஆனால் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விஷயம், பிள்ளை தன் வீட்டில் பார்த்த சாமானில் இருந்துதான் வரலாறு தொடங்கவேண்டும் என்பது. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அந்தச் சாமான் இப்போது இல்லை. அது இருக்கிற ஒரே இடம் இந்தக் கடை. சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகை தொடங்கினார் என்று பரீட்சைக்குப் பாடமாக்குகிற பிள்ளைக்கு, அந்தக் காலத்துக் கிதாபு ஒன்றின் தாள் எப்படி இருக்கும், எப்படி மணக்கும் என்று தெரியாது.

அதே கடையில் ரைஹாலை விரித்து அதன்மேல் சுற்றுலாச் சஞ்சிகை வைத்திருக்கிறார்கள். சஞ்சிகைத் தாங்கி என்று விற்கிறார்கள். எங்கள் வீட்டு அலுமாரி "டச்சு அலுமாரி" ஆகிவிட்டது. பழையது எல்லாமே டச்சுதான், எங்களுக்கு இந்தக் கோட்டையில் வரலாறே இல்லை என்பது போல. எங்கள் சொந்த ஆளே இப்படி எழுதி ஒட்டினால், நாளைக்கு வேறு யாராவது "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று கேட்கும்போது எதைக் காட்டுவது? கிந்தோட்டையில் 2017 நவம்பரில் என்ன நடந்தது என்று தெரிந்த ஊர் இது. 2019க்குப் பிறகு எத்தனை கடை வாசலில் எங்கள் பெண்கள் மேலும் கீழுமாகப் பார்க்கப்பட்டார்கள் என்றும் தெரியும். கடை வாசலில் நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று அறிந்த ஒரு ஆள், அதே வேலையைத் தன் கடை வாசலில் செய்கிறார். இதுதான் எங்களுக்கு அதிகம் வலிக்கிறது.

சட்டம் பற்றிச் சிலர் இன்பாக்ஸில் கேட்டீர்கள். அரசியலமைப்பின் 12(3) உறுப்புரையில் கடைகள் என்றே எழுதியிருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றின் காரணமாகக் கடைக்குள் போவதைத் தடுக்க முடியாது. ஆனால் நியாயமாகச் சொல்லவேண்டும், இங்கே நாங்கள் மதத்துக்காகத் தடுக்கப்படவில்லை, ரூபாக்காரர் என்பதற்காகத் தடுக்கப்படுகிறோம். ஆகவே அந்த உறுப்புரையை இதற்குள் இழுக்கவேண்டாம். எங்களுக்குப் பொருந்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். விற்பனைக்கு வைத்த சாமானை விற்க மறுக்க முடியாது, வாங்கியவர் கேட்டால் ரசீது கொடுக்கவேண்டும். முறைப்பாட்டு இலக்கம் 1977. கிதாபு, கையெழுத்துப் பிரதி போன்றவற்றுக்கு 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இருக்கிறது. அப்படியான பொருட்களை நாட்டுக்கு வெளியே அனுப்பவும், அவற்றில் வியாபாரம் செய்யவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இதையெல்லாம் நாங்கள் மிரட்டுவதற்கு எழுதவில்லை. 1977க்கு யாரும் இன்னும் அழைக்கவுமில்லை.

ஹாஜியாருக்கு நேராக ஒரு வார்த்தை. நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும், உங்கள் மகன் எங்கள் பேஜில் இருக்கிறார். அபஸ சூராவை நீங்கள் எத்தனை தடவை ஓதியிருப்பீர்கள். குறைஷித் தலைவர்களோடு கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பார்வை தெரியாத ஒரு ஸஹாபி வந்தார், நபி (ஸல்) அவர்களின் முகம் அவரை விட்டுத் திரும்பியது. அவரால் அதைப் பார்க்கவும் முடியாது. இருந்தும் அல்லாஹ் அதைச் சும்மா விடவில்லை. உங்கள் வாசலில் நிற்கிற ராத்தாவுக்குக் கண் தெரியும். எல்லாவற்றையும் பார்க்கிறார்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கதவில் நிற்கிற பொடியனை உள்ளே எடுங்கள். சாமானில் விலையை ஒட்டுங்கள், டொலரிலேயே ஒட்டுங்கள், பெருக்கிப் பார்க்க எங்களுக்குத் தெரியும். த்ரீவீலர் ஆள் தராசோடு போகிற வீடுகளில் ஒரு துண்டில் சாமானின் பெயரும் விலையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அரபு எழுத்துள்ள எந்தத் தாளையும் வெட்டவேண்டாம், விற்பதற்கு முன் ஒரு நாள் எங்களுக்குக் காட்டுங்கள். காசு கேட்கமாட்டோம். குர்ஆனா, மவ்லூதா, மருந்தா என்று வாசித்துச் சொல்கிறோம். உங்களுக்கும் அதில் நன்மை, பொய் சொல்லி விற்கத் தேவையில்லை.

ஊர் ஆக்களுக்கு. அந்தக் கடையைப் பகிஷ்கரிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பகிஷ்கரிப்புப் பதிவுகள் எங்களுக்கு எதிராக எழுதப்பட்டதை நிறையவே பார்த்திருக்கிறோம், அந்தப் பழக்கம் எங்களுக்கு வேண்டாம். கஷ்டத்தில் விற்கவேண்டி வந்தால் விற்கத்தான் வேண்டும், அதில் வெட்கம் இல்லை. ஆனால் தராசில் ஏற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். அது யாருடையது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்காதீர்கள், அந்தக் கறுப்பில்தான் அதன் வயது இருக்கிறது, வாங்குகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். வேறு ஒரு இடத்திலும் விலை கேட்டுவிட்டு நாளை வரச் சொல்லுங்கள். அவசரப்படுத்துகிறவர் ஏன் அவசரப்படுத்துகிறார் என்று யோசியுங்கள்.

கிதாபு என்றால் மட்டும் எங்களிடம் சொல்லாமல் கொடுக்கவேண்டாம். கறையான் அரித்ததாக இருந்தாலும், முன்பக்கம் இல்லாததாக இருந்தாலும், கொப்பியில் கையால் எழுதியதாக இருந்தாலும் பரவாயில்லை. எங்களுக்குத் தரத் தேவையில்லை, வீட்டிலேயே இருக்கட்டும், பக்கங்களை மட்டும் படம் எடுத்துக்கொள்கிறோம். நூலகம் நிறுவனம் போன்றவை இலங்கைத் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து யாரும் வாசிக்கும்படி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. உங்கள் விருப்பத்தோடு அங்கே சேர்ப்பதற்கும் பார்க்கலாம்.

சனி, ஞாயிறு அஸருக்குப் பிறகு வரலாம். பெண்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால் எங்கள் டீச்சர்மார் இரண்டு பேர் வருவார்கள். ஒரு மேசை, ஒரு வெள்ளைத் துணி, ஜன்னல் வெளிச்சம் போதும். எந்த வீட்டில் றங்குப்பெட்டி இருக்கிறது என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள், கமெண்டில் போடவேண்டாம். த்ரீவீலர் ஆளும் பேஸ்புக் பார்க்கிறார்.